கும்பா அம்மையாரின் விதைநெல்

லைபீரியா நாட்டின் வடகோடியில், போரில் கூரை எரிந்துபோன ஒரு சிற்றாலயத்தைப் பெருக்குவதே கும்பா அம்மையாரின் வேலை. யாரும் அவரை அமர்த்தவில்லை. கணவரையும் இரு மகள்களையும் போருக்குப் பறிகொடுத்து, அகதி முகாமிலிருந்து திரும்பியவர், தாமாகவே துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். ஆலயமணி கொள்ளை போயிருந்தது. லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையமொன்றை மாமரத்தில் தொங்கவிட்டு, காலையிலும் நண்பகலிலும் இரும்புத்தடியால் தட்டுவார்.

"கூரையில்லாத வீட்டுக்கு ஆண்டவர் எங்க வரப்போறாரு?" என்று ஊரார் கேலி செய்வார்கள்.

"மழையில நனைஞ்சுக்கிட்டு உள்ளதான் இருக்காரு" என்பார் அம்மையார்.

அந்த ஆண்டுப் பஞ்சம் கொடியது. நிவாரண லாரி வந்து வீட்டுக்கு ஒரு கூடை விதைநெல் தந்து போயிற்று. பசித்த வயிறு விதையென்று பார்க்குமா? ஒரே மாதத்தில் எல்லா வீட்டிலும் அது கஞ்சியாகிவிட்டது. அம்மையார் மட்டும் காட்டுக்கிழங்கைத் தின்றுகொண்டு கூடையைத் தொடாமல் வைத்திருந்தார். ஆனால், ஏழாண்டுப் புதர் மண்டிய நிலத்தை ஒற்றை ஆளாகத் திருத்த முடியாது. கூட்டுவேலைக்கு ஊரை அழைக்க வேண்டும். அழைத்த வீடு நண்பகலில் சோறு போட வேண்டும். அதுவே அங்கே வழக்கம். சோறில்லாததால் அந்த ஆண்டு யாரும் யாரையும் அழைக்கவில்லை.

அம்மையார் அழைத்தார். பன்னிரண்டு பேர் எலும்பும் தோலுமாக, சோற்றை நினைத்தே வந்தார்கள். உலையை ஏற்றிவிட்டு, குத்துவதற்காக விதைநெல்லை உரலருகே கொண்டுவந்தார் அம்மையார். கூட்டத்தின் தலைவர் தாம்பா பார்த்துவிட்டார்.

"அக்கா, அது விதையில்ல?"

"வேற இல்ல தம்பி. வந்தவங்கள பட்டினியா அனுப்பிட்டு, நாளைக்கு அந்தக் கோயிலை எந்த முகத்தோட பெருக்குவேன்?"

"அப்புறம் எதை விதைப்பீங்க?"

"அதை அவரு பாத்துக்குவாரு."

தாம்பா கூடையைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தார். "உலையை இறக்குங்க அக்கா. நாங்க சாப்பிட்டாச்சு."

மூவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள். மற்றவர்கள் வெறும் வயிற்றோடு புதரை வெட்டினார்கள். அம்மையார் அழுதுகொண்டே அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

விதைத்தாயிற்று. அறுவடைக்கு நான்கு மாதம் இருந்தது. அதற்குள் ஊரில் ஐந்து பேரைப் புதைத்தார்கள். கதிர் பால்பிடித்தபோது அம்மையாரால் நடக்க இயலவில்லை, தவழ்ந்தபடியே பெருக்கினார்.

அறுவடையின் இரண்டாம் நாள் நண்பகலில் மணி ஒலித்தது. வயலில் இருந்தவர்கள் முதல் பானைப் புதுச்சோற்றோடு அம்மையாரைத் தேடிப் போனார்கள். மாமரத்தடியில் அவர் கைகூப்பிக் கிடந்தார். உடல் சில்லிட்டிருந்தது, விடியற்காலையிலேயே உயிர் பிரிந்திருந்தது. இரும்புத்தடி ஆலயத்துக்குள் ஆணியில் தொங்கியது. மரத்தில் வளையம் மட்டும் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

தாம்பா முதல் அகப்பைச் சோற்றை ஆலயத் தரையில் வைத்துவிட்டு விம்மி அழுதார்.

தம் அடியாரை உணவுக்கு அழைக்க அன்று ஆண்டவரே மணியடித்தார் என்பர் அவ்வூரார். விதையையும் பசித்தவர்க்கு ஈயத் துணிந்து, விளைந்ததை உண்ணாமலே போன அம்மையாரின் கைகளை வணங்குவோம்.