தாட்சாயணியின் படம்

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு நாற்பது.

சீடர் அருளப்பன் பல வருடம் சொந்தமாக ஸ்கேன் நிலையம் நடத்தியவர். மனநோய்கள் மூளையில் எப்படித் தெரிகின்றன என்று படிக்க ஆசை வந்தது. நிலையத்தை மகனிடம் விட்டுவிட்டு டாக்டர் கோமளவல்லியிடம் வந்து சேர்ந்தார். "மேடம்" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். ஆனால் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கோமளவல்லி இரண்டு நோய்களை ஒப்பிட்டு ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஒன்று இருமுனை நோய். அதில் மனம் சில காலம் உச்சியில் பறக்கும், சில காலம் பள்ளத்தில் கிடக்கும். மற்றது மனச்சிதைவு. அதில் இல்லாத குரல்கள் கேட்கும், இல்லாத பகை தெரியும். இரண்டும் உறவுக்கார நோய்கள். ஒன்றை மற்றொன்று என்று நினைத்து ஏமாறுவது எளிது. அதனால் இருசாராரின் மூளையையும் படம் எடுத்தார்கள். மூளையின் மேலடுக்கு மெலிந்த இடங்களில் கணினி நீலம் பூசும். மனச்சிதைவு உள்ளவர்களின் படங்களில் பொதுவாக நீலம் கூடுதல்.

ஒரு நாள் காலை அருளப்பன் ஒரு படத்தோடு வந்தார்.

"மேடம், தாட்சாயணிக்கு இருமுனைன்னு எழுதினது தப்பு. மனச்சிதைவுதான். பாருங்க, எவ்வளவு நீலம். இருமுனைக்குக் குடுக்கிற லித்தியம் மாத்திரையை நிறுத்திட்டு வேற மருந்து குடுக்கணும்."

"லித்தியத்துல எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருக்காங்க. மறுபடியும் கபடிக்கு நடுவரா போறாங்க. அதுக்காகப் படம் பொய்யாயிடுமா?"

"வெளியிலதான் உட்கார்ந்திருக்காங்க. நீங்களே சொல்லுங்க."

தாட்சாயணி உள்ளே வந்தார். அருளப்பன் சொன்னதை நின்றபடியே கேட்டார். கேட்ட பிறகும் உட்காரவில்லை.

"மாத்திரையை நிறுத்த மாட்டேன் சார்."

"உங்க நல்லதுக்குத்தாம்மா."

"என் நல்லது எனக்குத் தெரியும். முதல்ல இங்க வந்தப்ப நாலு பேர் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. இன்னிக்கு நானே பஸ் ஏறி வந்தேன். நடுவுல வந்தது இந்த மாத்திரைதான்."

"படம் தெளிவா சொல்லுதும்மா."

"ஆட்டத்தைப் பார்க்காமலே விசில் ஊதுறீங்க சார். எங்க மைதானத்துல இப்படி ஊதினா, ரெண்டு டீமும் சேர்ந்து அடிக்க வரும்."

அருளப்பன் முகம் சிவந்தது. கோமளவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க. படம் எடுத்தப்ப உள்ள எப்படி இருந்துச்சு?"

"பானைக்குள்ள தலையை விட்ட மாதிரி. வெளியில ஒருத்தர் சுத்தியால தட்டுற மாதிரி. ஆனா சாரு நல்லவரு. ஸ்பீக்கர்ல பேசிக்கிட்டே இருந்தாரு. பயமா இருக்காம்மா, முடியலையாம்மா, இதோ ஆச்சும்மான்னு. நானும் பதில் சொல்லிக்கிட்டே கிடந்தேன்."

கோமளவல்லி சீடர் பக்கம் திரும்பினார். "டெக்னீஷியன் பீட்டர்தானே படம் எடுப்பார்?"

"அன்னிக்கு அவர் லீவு. நான் எடுத்தேன். அவங்க பயந்தாங்க, பேச்சுக் குடுத்தேன். எங்க சென்டர்ல எல்லாருக்கும் அப்படித்தான். அதுல என்ன?"

"வாட்சைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"ஸ்கேன் மெஷின்ல நீங்க படுக்கப் போறீங்க. ரெண்டு தடவை."

முதல் தடவை கோமளவல்லி வாயே திறக்கவில்லை. இரண்டாம் தடவை மைக்கை விடவே இல்லை. கழுத்து வலிக்கிறதா என்றார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றார். பேரனுக்குப் பெயர் வைத்தாயிற்றா என்றார். உள்ளேயிருந்து பதில்கள் வந்தன.

"இல்ல மேடம்."

"பொங்கல் மேடம்."

"சம்பந்தி ஒத்துக்கல மேடம்."

மறுநாள் கோமளவல்லி சில படங்களைப் பெயர் இல்லாமல் மேசையில் பரப்பினார். கணினி எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசியிருந்தது. அருளப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இவர் சுகமா இருக்கிறவர். இது இருமுனையா இருக்கலாம். இது மனச்சிதைவு, சந்தேகமே இல்ல."

"கடைசியா சொன்னதுல நீங்க பொங்கல் பத்திப் பேசிக்கிட்டிருக்கீங்க."

அருளப்பன் அந்தப் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார்.

"தலை ஆடியிருக்கு. விளிம்பு கலங்கியிருக்கு. கணினி அதை மெலிவுன்னு எடுத்துக்கிச்சு." குரல் தணிந்தது. "எங்க சென்டர்ல கட்டி இருக்கா, ரத்தக்கசிவு இருக்கான்னுதான் பார்ப்போம். இத்தனூண்டு அசைவு ஒரு பொருட்டே இல்ல."

"அங்க பொருட்டில்லதான்."

"அப்ப இந்த ஆய்வையே மூட்டை கட்டிடலாமா மேடம்?"

"எதுக்கு? நூறு பேரை அந்தப் பக்கம், நூறு பேரை இந்தப் பக்கம் வெச்சுப் பார்த்தா வித்தியாசம் இருக்கு. அது நிஜம். ஆனா ஒரே ஒருத்தர் படத்தை வெச்சு அவருக்கு என்ன நோய்னு சொல்ல முடியாது. நாளைக்கும் படம் எடுப்போம்."

அருளப்பன் நிமிர்ந்தார். தோற்றுப்போக அவருக்கு இன்னும் மனம் வரவில்லை.

"சரி. தாட்சாயணியைத் திரும்பப் படுக்க வெப்போம். நான் மூச்சு விட மாட்டேன். பீட்டரே எடுக்கட்டும். அதுலயும் நீலமா வந்தா?"

"வரலாம்."

"வந்தா லித்தியத்தை நிறுத்தலாமில்ல?"

"மாட்டேன்."

"துறைத் தலைவர் படத்தைப் பார்த்துட்டு நிறுத்தச் சொன்னா?"

"அவர்கிட்டயும் மாட்டேன்னுதான் சொல்வேன்."

"படம் ஒண்ணு சொல்லுது, அவங்க ஒண்ணு சொல்றாங்க. நீங்க அவங்க பக்கமே நிக்கிறீங்க. ஏன் மேடம்?"

கோமளவல்லி படங்களை ஒன்றாக அடுக்கினார்.

"மருந்தை நிறுத்தினா படத்துக்கு ஒண்ணும் ஆகாது சார்."