நான் சறுக்கவில்லை

அநியாயம் நடந்தது எனக்கு. பெயர் இசக்கிப்ரியா, பாளையங்கோட்டை, எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. செய்தது 'மாலைத் தாமிரம்' என்கிற உள்ளூர்ப் பத்திரிகை. ஸ்கேட்போர்டோடு நான் அந்தரத்தில் நிற்கிற படத்தைப் பெரிசாகப் போட்டுவிட்டு, அதன் தலையில் கொட்டை எழுத்தில் அடித்தார்கள்: 'நடுத்தெருவில் சறுக்கிய மாணவி'.

படத்தைப் பாருங்கள் ஐயா! பலகை தரையில் இல்லை. நான் தரையில் இல்லை. என் பின்னல்கூட வானத்தைத்தான் பார்க்கிறது. ஆனால் நம் ஊரில் படத்தை யார் பார்க்கிறார்கள்? ராத்திரிக்குள் ஹாஸ்டல் வாசலில் ஆப்பிளும் ஆரஞ்சுமாகச் சொந்தக்காரர் கூட்டம். சித்தி ஒருத்தி எந்தக் கால் என்று கேட்காமலேயே இரண்டு காலிலும் தைலத்தைத் தேய்த்துவிட்டுப் போனாள். துறைத் தலைவர் தனியாகக் கூப்பிட்டு, யானையை உதாரணம் காட்டி ஆறுதல் சொன்னார். பஸ்ஸில் கண்டக்டரும் யானை, மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிற அக்காவும் யானை. எத்தனை பேர் வாயில்தான் அந்த யானை நடந்து வரும்!

அதையும் பொறுத்திருப்பேன். வார்டன் ஞானசுந்தரி மேடம் என் பலகையைப் பிடுங்கி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார். "பேப்பர்ல போட்டது தப்புன்னா அவங்களே திருத்திப் போடட்டும். பெறவு பாப்போம்" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் என் அறைத்தோழி ஜெனோவாவை இழுத்துக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். தலைப்பு வைத்தவர் குற்றாலிங்கம் அண்ணாச்சி. மேஜையில் முறுக்கும் டீயுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கேட்டிங்னா தமிழ்ல சறுக்கு விளையாட்டு. நீ சறுக்கு விளையாடுன. அப்போ சறுக்கிய மாணவிதான? நல்ல தமிழ்ல போட்டது குத்தமா?"

"தமிழா? ஒருத்தன் சமைச்சான்னா சமைத்தவன். ஒருத்தன் சறுக்குனான்னா முடிஞ்சான்! தேர்தல்ல சறுக்குனாரு, வியாபாரத்துல சறுக்குனாருன்னு நீங்கதான தெனமும் போடுதீங்க?"

அவர் முறுக்கைக் கடித்தார். "சரி பிள்ள. சினிமாவுல இதை ஓட்டுதவன் யாரு? செயின் அறுக்கவன். இல்லைன்னா வெளிநாட்டுலேர்ந்து வந்த மச்சினன்."

எனக்கு வந்ததே கோபம். "சினிமாவுல இந்தப் பலகை வந்தா அடுத்த ஷாட்டுல தக்காளிக் கூடை கவுந்தாகணும் உங்களுக்கு! தெருவுல பொறந்த விளையாட்டு அண்ணாச்சி இது. கலிபோர்னியாவுல தண்ணி வத்துன நீச்சல் குளத்துல இறங்கி ஓட்டுனாங்களாம், அதுக்கு ஒரு சரித்திரம் எழுதி வச்சிருக்கான். நம்ம ஊர்ல வத்தாத குளம் எங்க இருக்கு? சித்திரை பொறந்தா ஜில்லா முழுக்க எங்களுக்கு ஸ்கேட் பார்க்தான். போன கோடையில நான் ஒரு குளத்துல இறங்கி ஓட்டுனேன் பாருங்க, சக்கரம் உரசுன உரசல்ல அடியில கெடந்த ஊத்துக்கண்ணு தொறந்து, குளம் நெறைஞ்சு, மறுகால் பாஞ்சு, கரையேறித் திரும்பிப் பாக்கேன், மீன் குத்தகைக்கு ஏலம் விடுதாங்க."

"ஏட்டி, அன்னைக்கு மழைல்லா பெஞ்சுது" என்றாள் ஜெனோவா.

"மழை பாக்க வந்துது. பெஞ்சது நான்."

அண்ணாச்சி முறுக்கைக் கீழே வைத்தார். "அதுக்கும் நீ விழலைங்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"விழுததுக்கு நேரம் வேண்டாமா? ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துல மேல் அடுக்குலேர்ந்து இறங்குனேன். என் நிழலால கூட வர முடியலை. நான் கீழ வந்து டீ சொல்லி, குடிச்சு, கிளாஸை வச்ச பெறவுதான் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேந்துது. அதுக்கு ஒரு வடை வாங்கிக் குடுத்தேன்."

"நிழலு வடை தின்னுச்சா?"

"வடையோட நிழலைத் தின்னுச்சு. வடையை இவ தின்னா."

ஜெனோவா வடையை மட்டும் மறுக்கவில்லை. அது என் முதல் சாட்சி.

"ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாய்ல நின்னுருக்கீங்களா அண்ணாச்சி? நான் பலகை மேல நின்னு துப்பட்டாவை விரிச்சேன். வீசுன காத்து மொத்தமும் என் துப்பட்டாவுக்குள்ள வந்துட்டு. பலகையும் நானும் பனைமர உயரத்துல போறோம். கரண்டு எடுக்குத காத்தாடி ஒண்ணு சுத்தணுமே? எல்லாக் காத்தாடியும் அப்படியே நின்னு என்னையே பாக்குது. அன்னைக்கு நாலு மாவட்டத்துல கரண்டு போச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. டிரான்ஸ்பார்மர் கோளாறுன்னுல்லா போட்டோம்?"

"அதுவும் தப்பு. அதுக்கும் சேத்து ஒரு திருத்தம் போடுங்க."

பக்கத்து மேஜைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. யாரோ எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். நான் உட்காரவில்லை. சறுக்காதவள் ஏன் உட்கார வேண்டும்?

"யம்மா, என்னதான் சொன்னாலும்..." என்று தொடங்கிய அண்ணாச்சி கையை மேலே தூக்கினார். எனக்குத் தெரியும், அடுத்து என்ன வரும் என்று. "அவ்வளவு பெரிய யானையே..."

"நிறுத்துங்க! அந்த யானையையும் கேட்டாச்சு."

"எந்த யானையை?"

"திருவிழாவுக்கு வந்துட்டுப் போன யானையை. 'ஊரெல்லாம் உன் பேரைச் சொல்லித்தான் என்னை ஏசுது, நீ என்ன சொல்லுத'ன்னு கேட்டேன். பாவம், அதுக்கும் ஆத்தாமைதான். எத்தனை தலைமுறையா அதும் பேரைக் கெடுத்து வச்சிருக்கோம்! 'பலகையில ஏறு'ன்னேன். பாகனைப் பாத்துது. பாகன் கண்ணை மூடிக்கிட்டாரு. ஏறிட்டு. முன்னால யானை, பின்னால நான். பாலத்து மேல் அடுக்குல வேகம் எடுத்து அடிச்சோம் பாருங்க ஒரு ஆலி!"

"ஆலியா?"

"பலகையைக் கால்ல ஒட்டவச்ச மாதிரிக் குதிக்கிறதுக்குப் பேரு. மேல் அடுக்குலேர்ந்து கீழ் அடுக்குக்கு! ரெண்டு அடுக்குலயும் பஸ்ஸெல்லாம் நின்னு போச்சு. ஒரு பூ உதுந்த மாதிரி வந்து எறங்குனோம். பலகையில கீறல் இல்லை. யானைக்குத்தான் கொஞ்சம் வெக்கம், சனங்க கை தட்டுனதுல."

அண்ணாச்சியின் வாய் திறந்தே இருந்தது. "அடி... சறுக்கலையா?"

"சறுக்கலை! யானையே சறுக்கலைங்கேன், நான் எப்படி அண்ணாச்சி சறுக்குவேன்?"

ஜெனோவா மெல்ல, "யானையில எனக்குச் சந்தேகம் இருக்கு. ஆனா இவ விழுந்து நான் பாத்ததில்லை" என்றாள். அது என் இரண்டாவது சாட்சி.

குற்றாலிங்கம் அண்ணாச்சி பேனாவை எடுத்தார். "தாயி, திருத்தம் போட்டுருதேன். யானையை மட்டும் இங்க கூட்டிட்டு வந்துராத, மாடிப்படி தாங்காது. 'மாணவி சறுக்கி விழவில்லை'ன்னு போடட்டுமா?"

"வேண்டாம்! 'விழ'ங்கிற ரெண்டு எழுத்தே என் பேருக்குப் பக்கத்துல வரக்கூடாது. நாளைக்கு அதை மட்டும் படிச்சிட்டு இன்னொரு சித்தி தைலத்தோட வருவா."

"சறுக்கு விளையாட்டுல சிறந்து விளங்கும்..."

"பாராட்டும் வேண்டாம். நீங்க எந்த வார்த்தையால கெடுத்தீங்களோ அதே வார்த்தையால திருத்துங்க. 'சறுக்கவில்லை'. அவ்வளவுதான். சந்தேகத்துக்கு இடமே இருக்கக்கூடாது."

"இன்னொரு தடவை யோசிச்சுக்கோ பிள்ள."

"தமிழ் எம்.ஏ. நான். எனக்கா சொல்லுதீங்க?"

மறுநாள் மாலை பேப்பர் வந்தது. அதே பக்கம், அதே கொட்டை எழுத்து: 'திருத்தம்: மாணவி இசக்கிப்ரியா சறுக்கவில்லை'. பேப்பரை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கொடி பிடித்த மாதிரி வார்டன் அறைக்குள் போனேன். ஜெனோவா வெளியே நின்றுகொண்டாள்.

ஞானசுந்தரி மேடம் கண்ணாடியை மாட்டினார். ஒரு முறை படித்தார். இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தார். இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு. நீ சறுக்கவே இல்லைன்னு பேப்பர்லயே போட்டுட்டான். பின்ன உனக்கு எதுக்கும்மா பலகை?"