மூன்று தலைக்கு ஒரு ஹெல்மெட்

கோழிப்பாறை மலையில் ஏறுகிறபோது எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பார்களாம், இறங்குகிறபோதுதான் யாருக்கு எவ்வளவு மூளை என்பது தெரியுமாம். நம் ஆவுடையப்பன் விஷயத்தில் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பஸ் ஏறும்போதே தெரிந்துவிட்டது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். ஆவுடையின் தரகர் ஒரே பொய்தான் சொன்னார். ஆனால் அது ஆயிரத்துக்குச் சமமான பொய். "பையன் மலையிலேர்ந்து சைக்கிள்ல இறங்குறதுல சூரன்" என்று பெண்ணின் அப்பா வெள்ளத்துரையிடம் சொல்லிவிட்டார். ஆவுடை அதுவரை சைக்கிளில் போன அதிகபட்ச உயரம் ரயில்வே மேம்பாலம்.

வெள்ளத்துரைக்கு ஒரே பூரிப்பு. அவர் வீடு கோழிப்பாறை அடிவாரத்திலேயே இருந்தது. "அப்ப நிச்சயதார்த்தத்தன்னைக்கு மாப்பிள்ளை மேலயிருந்து சைக்கிள்லயே இறங்கி வரட்டும். ஊரே பாக்கட்டும். நல்ல நேரம் முடியுததுக்குள்ள, உடம்புல ஒரு கீறல் இல்லாம வந்தாத்தான் தாம்பூலத் தட்டு கை மாறும்" என்று சொல்லிவிட்டார்.

ஆவுடை மறுத்திருக்கலாம். ஆனால் பெண் பார்க்கப் போன அன்று வடிவு அவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருந்தாள். அதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் தனக்கு வேறு கல்யாணமே வேண்டாம் என்ற முடிவுக்கு அவன் வந்திருந்தான். ஆகவே உயிர்த்தோழர்கள் பலவேசத்தையும் கொம்பையாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, மலைச் சைக்கிள் வாடகைக்கு விடும் ஞானதுரை அண்ணாச்சி கடைக்குப் போனான்.

அண்ணாச்சி மூன்று சைக்கிளை எடுத்துக் கொடுத்தார். ஹெல்மெட் மட்டும் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"மத்ததெல்லாம் வாடகைக்குப் போயிருக்குடே. இத வச்சு மாறி மாறிப் போட்டுக்கிடுங்க. ஆனா ஹெல்மெட் இல்லாம ஒரு தலையும் மலையவிட்டு இறங்கப்படாது, சொல்லிட்டேன்."

மூவரும் தலையாட்டினார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும்போது அண்ணாச்சி பின்னாலேயே ஓடிவந்தார்.

"எலே, மறந்துட்டேன். இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால சீட்டைக் கீழ இறக்கிருங்க. அப்பதான் குப்புற விழ மாட்டிய. அடிகிடி பட்டா தாமதிக்கவே கூடாது, ஒடனே மருந்து வச்சுக் கட்டிரணும்."

"நீங்க சொன்னதுல ஒரு எழுத்து பிசகாது அண்ணாச்சி" என்றான் பலவேசம். மூவரில் அவன்தான் யோசிக்கிறவன். மற்ற இருவரும் அவன் யோசித்ததை ஒப்புக்கொள்கிறவர்கள்.

சைக்கிள்களை மலைப் பஸ்ஸின் கூரையில் ஏற்றி உச்சிக்குப் போய் இறங்கினார்கள். அங்கே ஒரு பஸ் நிழற்குடையும் ஒரு நாவல் மரமும்தான் இருந்தன. செல்போனில் சிக்னல் என்பது பேச்சுக்குக்கூடக் கிடையாது.

பஸ் கீழே திரும்பக் கிளம்பியதும் பலவேசம் ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினான். மூன்று சீட்டையும் கழற்றிக் கண்டக்டர் கையில் கொடுத்தான்.

"இது என்ன?" என்றார் கண்டக்டர்.

"சீட்டு. கீழ இறக்கிருங்க. அடிவாரத்து டீக்கடையில வச்சிருங்க போதும்."

கண்டக்டர் பல வருஷமாக மலைப் பாதையில் வேலை பார்க்கிறவர். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்தது மருந்து விஷயம். தாமதிக்கவே கூடாது என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறாரே! அடிபட்ட பிறகு பையைத் திறந்து பஞ்சைத் தேடினால் அது தாமதம்தானே என்று பலவேசம் கேட்டான். மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே கொம்பையாவின் வலது முழங்காலுக்கு முன்கூட்டியே மருந்து வைத்துக் கட்டினார்கள். ஆவுடைக்குக் கட்டவில்லை. மாப்பிள்ளைக்குத்தான் அடிபடக் கூடாதே.

"பாதை எப்படி இருக்குன்னு நான் முதல்ல பாத்துட்டு வாரேன்" என்று பலவேசம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான். நன்றாகத்தான் இறங்கினான். நாலாவது வளைவில் கொஞ்சம் களைப்பாக இருக்கிறதே என்று பழக்க தோஷத்தில் உட்கார்ந்தான். சீட்டு அவனுக்கு முன்னாலேயே அடிவாரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவன் போட்ட சத்தத்தில் மலைக்குரங்குகள் இரண்டு வளைவு தள்ளிப் போய்விட்டன.

அடிவாரத்தில் பந்தல், மேளம், ஜனம். வெள்ளத்துரை ஓடிவந்து, "மாப்பிள்ளை எங்க?" என்றார்.

"ஹெல்மெட்டுக்காக நிக்காவ" என்று சொல்லிவிட்டுப் பலவேசம் அதே பஸ்ஸில் சைக்கிளையும் ஏற்றி, ஹெல்மெட்டோடு உச்சிக்கு வந்தான். வழி முழுக்க நின்றுகொண்டேதான் வந்தான். பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது.

அடுத்தபடியாகக் கொம்பையா இறங்கினான். ஏழாவது வளைவில் மணல். ஆனைக்கும் அடி சறுக்கும், கொம்பையாவுக்கும் சறுக்கியது. அவனும் அடிவாரம் போய், "ஹெல்மெட்டுக்காக நிக்காவ" என்று வெள்ளத்துரையிடம் சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே பஸ் ஏறி மேலே வந்தான். இடது முழங்காலில் ரத்தம்.

பலவேசம் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏல, கட்டு வலது கால்லல்லா இருக்கு? நீ ஏன் இடது கால்ல விழுந்த?"

"அவசரத்துல கவனிக்கல மக்கா" என்றான் கொம்பையா, தலைகுனிந்து.

"நல்ல மருந்து வீணாப் போச்சேல."

கொம்பையா நேர்மையானவன். ஒருவருடைய மருந்தை வீணாக்குகிறவன் அல்ல. நிழற்குடைப் படியில் ஏறி நின்று, வலது முழங்கால் தரையில் படும்படி நிதானமாக ஒருமுறை விழுந்தான். எல்லாருக்கும் மனம் ஆறியது.

ஆவுடைக்கு மட்டும் ஆறவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. வடிவின் முகம் கண்முன்னால் வந்துவந்து போனது.

"நான் இப்ப இறங்கட்டா?" என்றான்.

"இறங்கு. ஆனா ஹெல்மெட்ட யாரு கொண்டாருவா? நாங்க ரெண்டு பேரு இங்க நிக்கம்லா?"

"நானே கொண்டாரேன்."

"அப்ப நீ மேல வந்துருவியே!"

மூவரும் நாவல் மரத்தடிக்குப் போனார்கள். இருவர் உட்கார்ந்தார்கள். பலவேசம் நின்றான்.

"காலையிலேர்ந்து ரெண்டு பேரு இறங்கியாச்சு. இப்ப கீழ எத்தனை பேரு இருக்கோம்?" என்றான் பலவேசம்.

கொம்பையா யோசித்து, "ஒருத்தரும் இல்ல" என்றான்.

"மேல?"

"மூணு பேரு."

"கணக்கு எங்கயோ இடிக்கி. இன்னொரு மட்டம் இறங்கிப் பாப்போம்."

"அம்மியால ஹெல்மெட்ட மூணா ஒடச்சுப் போட்டா?" என்றான் கொம்பையா.

"அப்புறம் அண்ணாச்சி எந்தத் துண்டைச் சொன்னாருன்னு எப்படித் தெரியும்? மலை உச்சியில அம்மிக்கு எங்க போறது?"

ஆவுடை முழங்காலைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினான். தனக்கும் வடிவுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு இறக்கம்தான் என்பதும், அதை எத்தனை தடவை இறங்கினாலும் தீராது போலிருக்கிறது என்பதும் அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்போது பஸ் வந்து நின்றது. பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக வடிவே அதிலிருந்து இறங்கினாள். ஹெல்மெட் மட்டும் கீழும் மேலுமாகப் போய் வருவதைப் பந்தலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், பொறுக்க முடியாமல் கிளம்பி வந்துவிட்டாள். மூவரும் நடந்ததைச் சொன்னார்கள். அவள் முழுவதும் கேட்டாள்.

"கீழ போனதும் ஹெல்மெட்டக் கழத்திக் கண்டக்டர்கிட்ட குடுத்து விட்டா, அது மட்டும் மேல வந்துராதா?" என்றாள் கடைசியில்.



"ஆள் இல்லாமலா?" என்றான் கொம்பையா.

"ஆள் இல்லாம."

பலவேசம் கையெடுத்துக் கும்பிட்டான். "மதினி, நீங்க எங்க ஊருக்கு வந்துதான் ஆகணும். எங்களுக்கு ஆள் பத்தல."

"மொதல்ல இவுங்க இறங்கட்டும். நான் பஸ்ஸுல முன்னால போறேன்" என்றாள் வடிவு.

"ஹெல்மெட் இல்லாம நீங்க எப்படி இறங்குவிய?" என்று கொம்பையா பதறினான்.

"பஸ்ஸுக்குக் கூரை இருக்குல்லா?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. எல்லாருக்கும் சேர்த்துப் போட்ட பெரிய ஹெல்மெட் என்று பலவேசம் விளக்கினான்.

ஆவுடை ஹெல்மெட்டை மாட்டினான். பலவேசம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "பாத்துப் போ மாப்ள. போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லிரு. இல்லாட்டா எங்களுக்கு இருப்பு கொள்ளாது."

"சொல்லுதேன்" என்றான் ஆவுடை.

அவன் இறங்கியதை இன்றும் அடிவாரத்தில் பேசிக்கொள்கிறார்கள். கண்ணைப் பாதையை விட்டு எடுக்கவில்லை. நாலாவது வளைவில் உட்காரவில்லை. ஏழாவது வளைவின் மணலில் இறங்கி உருட்டிக்கொண்டே போனான். கடைசித் திருப்பத்தில் பந்தல் தெரிந்தது, மேளம் கேட்டது, வாசலில் வடிவு நிற்பது தெரிந்தது. அவன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

வெள்ளத்துரை அவனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். காதுமடலைக்கூட மடக்கிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்ல!" என்று கூவினார். நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. தாம்பூலத் தட்டு வெளியே வந்துவிட்டது. கண்டக்டர் பஸ் படியில் நின்று ஹெல்மெட்டுக்காகக் கையை நீட்டினார்.

ஆவுடை கழற்றிக் கொடுக்கப் போனான். கொடுக்கும்போதுதான் பொறி தட்டியது. ஹெல்மெட்டைக் கண்டக்டர் கொண்டுபோவார். வார்த்தையை யார் கொண்டுபோவது? அங்கே இரண்டு ஜீவன்கள் இருப்பு கொள்ளாமல் தவிக்குமே!

"மாமா, ஒரு நிமிசம்" என்று சைக்கிளைப் பஸ் கூரையில் போட்டுவிட்டு ஏறிக்கொண்டான்.

பஸ் நகர்ந்தது. வடிவு மாலையோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெள்ளத்துரை தரகரின் தோளைத் தட்டி, "எவ்வளவு பொறுப்பான பையன் பாத்தீரா! அய்யர்கிட்ட சொல்லி நல்ல நேரத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லும்" என்று சொல்வதும் காதில் விழுந்தது.

உச்சியில் இருவரும் ஓடிவந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"போய்ச் சேந்தியா மாப்ள?"

"சேந்துட்டேன். ஒரு கீறல் இல்ல."

மூவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுது ஓய்ந்ததும் கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிச்சயம் முடிஞ்சிட்டா?" என்றான்.

"நான் இங்கல்லா நிக்கேன்? அங்க எப்படி முடியும்?"

"நியாயந்தான். அப்ப சீக்கிரம் கெளம்பு. நேரம் போவுது" என்று பலவேசம் ஹெல்மெட் வாரை அவன் தாடைக்குக் கீழே இறுக்கிவிட்டான். "நிச்சயம் முடிஞ்சதும் மறக்காம..."

ஆவுடைக்குக் கோபமே வந்துவிட்டது.

"வந்து சொல்லுதேம்ல! இப்ப வந்து சொல்லலியா?"