கூழைக்குளத்தார் கேப்டன் தேடிய கதை

கூழைக்குளத்தில் மூளைக்கு என்றைக்கும் பஞ்சம் வந்தது கிடையாது. செலவே பண்ணாமல் வைத்திருந்தால் பஞ்சம் எங்கேயிருந்து வரும், சொல்லுங்கள். அந்த ஊர் கிரிக்கெட் டீமுக்குக் கேப்டன் பால்வண்ணம். மட்டை அவருடையது, அதனால் கேப்டனும் அவரே. டீம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை. ஆனால் மனுஷனுக்கு மீசை இருந்தது பாருங்கள், அப்பேர்ப்பட்ட மீசை! ஆவுடை அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அந்த மீசையைப் பார்த்துத்தான். உலகத்தில் அவர் தோற்காத விஷயம் அது ஒன்றுதான்.

பக்கத்து ஊர் பனையடிப்பட்டி. அங்கே கேப்டன் கோமதிநாயகம், ஆவுடையின் கூடப்பிறந்த தம்பி. அவன் கேப்டனான பிறகு பனையடிப்பட்டி ஜெயித்துக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் கூழைக்குளத்தோடு ஆடியதுதான் அதற்குக் காரணம்.

போன வருஷம் இரண்டு ஊருக்கும் ஒருநாள் மேட்ச் வைத்தார்கள். காலையில் ஆரம்பித்து, காபி ஆறுவதற்குள் கூழைக்குளம் முழுக்க அவுட். பால்வண்ணம் மைதானத்தை விட்டு நகரமாட்டேன் என்றுவிட்டார்.

"ஒருநாள் மேட்ச்னுதானவே சொன்னீரு? இன்னும் சாயங்காலம் வரைக்கும் நாள் கிடக்கு. ஒருத்தரும் போகக் கூடாது!" என்று இரண்டு டீமையும் பொழுது சாயும்வரை வெயிலில் நிற்க வைத்தார். அப்படியும் ஜெயிக்கவில்லை.

இந்த வருஷம் வினை மாமனார் வீட்டுக் காதுகுத்து விருந்தில் ஆரம்பித்தது. இலையில் கறி விழுந்துகொண்டிருக்கும்போது கோமதிநாயகம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அத்தான், பொங்கல் மேட்சுக்கு நீங்க வரணும்னு அவசியமே இல்ல. தோத்துட்டோம்னு ஆள்விட்டுச் சொல்லிட்டாப் போதும். வெயில்ல எதுக்கு அலையணும்?"

பந்தியே சிரித்தது. ஆவுடையும் சிரித்தாள். அதுதான் பால்வண்ணத்துக்குத் தாங்கவில்லை. எச்சில் கையோடு எழுந்து நின்று மீசையைப் பிடித்தார்.

"ஏலே கோமதி! இந்தப் பொங்கல் மேட்ச்ல எந்தக் கேப்டன் தோக்கானோ, அவன் மீசைய எடுத்துரணும். சம்மதமா?"

"சம்மதம் அத்தான்! அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

மீசையில் குழம்பு ஒட்டியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தார். அடப்பாவி, என்ன சொல்லித் தொலைத்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் டீக்கடையில் டீம் கூடியது. பந்து போடுகிற பலவேசத்துக்கு ஊரில் யோசனைக்காரன் என்று பெயர். யோசிக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வான். பந்து போடும்போதும் அப்படித்தான். விக்கெட் கீப்பர் சுடலைக்கண்ணுவுக்கு யோசிக்கிற பழக்கம் இல்லை, ஆனால் அடுத்தவர் யோசித்ததை மறுக்கிற பழக்கம் உண்டு. நல்லவேளையாக அன்றைக்குக் கடை டீவியில், ஒருநாள் கிரிக்கெட்டில் அதிகம் ஜெயித்த கேப்டன்கள் என்று ஒரு நிகழ்ச்சி ஓடியது. மூன்று பேரைக் காட்டினார்கள். உலகக் கோப்பையை இரண்டு தரம் தூக்கிய வெஸ்ட் இண்டீஸ்காரர் ஒருத்தர், கண்ணில் தடித்த கண்ணாடி. ஆஸ்திரேலியாக்காரர் ஒருத்தர், அவரும் இரண்டு தரம், வாயில் எப்போதும் சூயிங்கம். அப்புறம் நம்ம நாட்டுக்காரர், இடி விழுந்தாலும் முகத்தில் ஒன்றும் காட்டாதவர்.

பலவேசம் கண்ணைத் திறந்தான். "விஷயம் பிடிபட்டுப் போச்சு. கண்ணாடி, மெல்லுறது, மூஞ்சி. இந்த மூணையும் ஒரே ஆள்ட்ட சேத்துட்டா?"

"அவங்க நல்லா ஆடினாங்களேவே. அதையும் சேக்க வேண்டாமா?" என்றான் சுடலைக்கண்ணு.

"பத்துப் பேரு ஆடுறதுக்கு இருக்கான். கேப்டன் எதுக்கு ஆடணும்? டீவில அவரு ஆடினதையா காட்டினான்? கோப்பையைத் தூக்கினதத்தானே காட்டினான்!"

ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டரிடம் கெஞ்சி அவருடைய கண்ணாடியை வாங்கி வந்தார்கள். சூயிங்கம் கிடைக்காததால் சவ்வு மிட்டாய் வாங்கினார்கள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பால்வண்ணம் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பழகினார். ஆவுடை பார்த்துவிட்டு, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

ஒத்திகைக்கு மேல்நிலைப் பள்ளிப் பெண் பிள்ளைகளோடு ஒரு மேட்ச் வைத்தார்கள். போஸ்ட் மாஸ்டர் கண்ணாடி வழியாகப் பால்வண்ணத்துக்கு இரண்டு பந்து வந்தது. இல்லாத பந்தை ஓங்கி அடித்தார். இருக்கிற பந்து முழங்காலில் வந்து மோதியது. உயிர் போகிற வலி! முகத்தில் காட்டக் கூடாதே. கத்தலாமென்றால் சவ்வு மிட்டாய் இரண்டு பல்வரிசையையும் சேர்த்துக் கட்டியிருந்தது. "ம்ம்ம்" என்றார். எதிர்முனையில் நின்ற சுடலைக்கண்ணு, கேப்டன் ஓடச் சொல்கிறார் என்று ஓடி வந்து அவுட்டானான். அடுத்து வந்தவனும் "ம்ம்ம்" கேட்டு ஓடி அவுட்டானான். இப்படியே டீம் மொத்தமும் கேப்டன் சொல் தட்டாமல் ஓடி முடித்தது. பெண் பிள்ளைகள் ஜெயித்துவிட்டு, "தேங்க்ஸ் அங்கிள்" என்று கைகொடுத்துப் போனார்கள்.

பொங்கல் நெருங்கிவிட்டது. பால்வண்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. "எடுத்தா என்ன, முளைக்காமலா போயிரும்?" என்று ஆவுடை ஆறுதல் சொன்னாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பொங்கலுக்கு முந்தின நாள் டீம் மறுபடி கூடியது. இந்தத் தடவை வாயைத் திறந்தவன் சுடலைக்கண்ணு.

"டீவில டீம் தோத்தா என்ன செய்தாங்க? பதினோரு பேரும் சொதப்பினாலும் கேப்டன மட்டுந்தான் மாத்துதாங்க. நாமளும் மாத்திப் பாத்தா என்ன?"

"யாரலே வைப்பே?" என்றார் பால்வண்ணம் திடுக்கிட்டு.

"இந்தச் சுத்துவட்டாரத்துல அதிகமா ஜெயிச்ச கேப்டன் யாரு?"

எல்லாரும் ஒருமுகமாக யோசித்தார்கள். "கோமதிநாயகம்," என்றான் பலவேசம்.

"அப்ப அவரையே வச்சிருவோம்."

"அவன் எதிர் டீம் கேப்டன்லா!"

"அதனால என்ன? எதிர் டீமுக்குக் கேப்டனா இருக்கவன் நம்ம டீமுக்கு இருக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? யோசிச்சுப் பாரும். அவரு டீம் ஜெயிச்சா நம்ம கேப்டன் ஜெயிச்ச மாதிரி. நம்ம டீம் ஜெயிச்சாலும் நம்ம கேப்டன் ஜெயிச்ச மாதிரி. எப்படிப் பாத்தாலும் இனிமே நமக்குத் தோல்வியே கிடையாது."

பலவேசம் கண்ணை மூடி நெடுநேரம் குறை தேடினான். கிடைக்கவில்லை. பால்வண்ணத்துக்குத்தான் மனசு வரவில்லை. மட்டையை வாங்கின நாளிலிருந்து கேப்டனாக இருந்தவர் அல்லவா? அப்புறம் சட்டென்று ஒன்று புரிந்தது. தோற்கிற கேப்டன்தானே மீசையை எடுக்கணும்? கேப்டனே இல்லாதவனை யார் கேட்பார்கள்? மீசையை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "ஊருக்காக விட்டுக் கொடுக்கேன்" என்று கம்பீரமாகச் சொன்னார்.

பனையடிப்பட்டிக்குப் போய்க் கேட்டதும் கோமதிநாயகம் முதலில் சிரித்தான். பால்வண்ணம் விடவில்லை. "மாப்ளே, டீவில காட்டின அத்தனை கேப்டனும் ஒரு நேரத்துல ஒரு டீமத்தான் ஜெயிக்க வச்சிருக்கான். ரெண்டு டீமையும் கட்டி மேச்சவன் உலகத்துல உண்டா?" என்றார். கோமதிநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. மீசைப் பந்தயம் அவன் ஞாபகத்துக்கே வரவில்லை. பனையடிப்பட்டியிலும் மூளையைச் சேமித்துத்தான் வைத்திருந்தார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது.

பொங்கலன்று டாஸ். கோமதிநாயகம் காசைச் சுண்டினான், அவனே பூ என்று கேட்டான், அவனே ஜெயித்து, அவனே தோற்றான். வலது கையால் இடது கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டான். இரண்டு ஊரும் கைதட்டியது.

முதலில் பனையடிப்பட்டி ஆடியது. மட்டையோடு நின்ற கோமதிநாயகத்திடம், "கேப்டன், எங்க போடட்டும்?" என்று கேட்டான் பலவேசம்.

"அடிக்க வாகா, தூக்கி மெதுவாப் போடு."

பலவேசம் அப்படியே போட்டான். சிக்ஸர்! இன்னொன்று போட்டான். இன்னொரு சிக்ஸர்! கோமதிநாயகத்துக்கு முகமெல்லாம் பல். அப்புறம் தான் கூழைக்குளத்துக்கும் கேப்டன் என்பது நினைவுக்கு வந்ததும் கோபம் பொங்கியது. "இப்படியாலே பந்து போடுவே, மூதேவி?" என்று பலவேசத்தை நிறுத்திவிட்டு வேறொருவனைப் போடச் சொன்னான். தான் எங்கே தூக்கி அடிப்போம் என்று தனக்குத் தெரியுமே, அங்கே சுடலைக்கண்ணுவை நிறுத்தினான். அடுத்த பந்தை அங்கேயே அடித்தான். சுடலைக்கண்ணு நின்ற இடத்தை விட்டு அசையாமல் பிடித்தான். கோமதிநாயகம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பாதி தூரம் நடந்தவன், திரும்ப ஓடி வந்து சுடலைக்கண்ணுவைக் கட்டிப்பிடித்துத் துள்ளிக் குதித்தான்.

அடுத்து கூழைக்குளம் ஆடியது. அதற்கும் முதல் ஆளாக இறங்கியவன் அவன்தான். இந்தத் தடவை வியூகத்தை மாற்றி, பனையடிப்பட்டி ஆட்களை எல்லாம் அரசமரத்து நிழலில் நிற்க வைத்தான். "வெயில்ல வாடாதீங்கலே" என்றான். கேப்டன் சொன்னால் காரணம் இருக்கும் என்று அவர்களும் நின்றார்கள். வெளியே தண்ணீர் வாளியோடு உட்கார்ந்திருந்த பால்வண்ணத்துக்கு நெஞ்சில் ஒரு பக்கம் குளிர்ந்தது, ஒரு பக்கம் எரிந்தது. ஏனென்றால் கூழைக்குளம், சரித்திரத்திலேயே முதல் தடவையாக, ஜெயித்துவிட்டது!

கோமதிநாயகம் கோப்பையைத் தூக்கும்போது யாரோ மீசையை ஞாபகப்படுத்தினார்கள்.

"தோத்த கேப்டன் மீசைய எடுக்கணும்," என்றார்கள் கூழைக்குளத்தார்.

"ஜெயிச்ச கேப்டன் மீசையில எவன் கை வைப்பான்?" என்றார்கள் பனையடிப்பட்டிக்காரர்கள்.

வெட்டுக்குத்து ஆகிவிடும்போல இருந்தது. பலவேசம் கண்ணை மூடி நியாயம் சொன்னான். "ஒரே ஆள்தான் பாதி ஜெயிச்சிருக்காரு, பாதி தோத்திருக்காரு. பாதிய எடுத்தா பந்தயமும் நிக்கும், மரியாதையும் நிக்கும்." ஆகா, ஆகா என்று இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டது. சலூன்காரரைக் கூப்பிட்டு அங்கேயே ஒரு பக்கத்தை வழித்தார்கள். பாதி மீசையோடு, கையில் கோப்பையோடு, மாலை மரியாதையோடு கோமதிநாயகம் ஊர்வலம் போனான்.

பின்னால் நடந்த பால்வண்ணம் அவனையே பார்த்துக்கொண்டு போனார். தன் மீசை தப்பித்துவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. டீவியில் கண்டது எல்லாம் பொய்யாகப் போயிற்றே! இதோ கண்ணெதிரே, ஒரே நாளில் இரண்டு டீமுக்குக் கேப்டனாக நின்று ஜெயித்தவன். அவனிடம் இருப்பதில் தன்னிடம் இல்லாதது என்ன? பாதி மீசை. இவ்வளவுதானா சங்கதி என்று நேரே சலூனுக்குள் போய் உட்கார்ந்தார். சலூன்காரரிடமும் சொல்லாமல், கண்ணாடியைப் பார்த்துத் தன் கையாலேயே ஒரு பக்கத்தை வழித்தார்.

சுடலைக்கண்ணு எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, கேப்டனுக்கு எடுத்தது வலது பக்கம்லா. நீங்க இடது பக்கத்த எடுத்திருக்கீக."

"அப்படியா? நல்லவேளை சொன்னே," என்று பால்வண்ணம் உடனே வலது பக்கத்தையும் எடுத்துத் தவறைச் சரிசெய்துவிட்டு, வெற்றி நடை போட்டு வீட்டுக்குப் போனார்.

ஆவுடை கதவைத் திறந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு வேணும்? அவுக இல்லையே. மேட்ச் முடிஞ்சு இன்னும் வரல. பெரிய மீசை வச்சிருப்பாக, வழியில பாத்தீங்களா?"

பால்வண்ணம் முகத்தைத் தடவிப் பார்த்தார். அவள் சொன்ன அடையாளம் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.

"பாக்கலையேம்மா," என்றார். "சரி, வரட்டும். இருந்து பாத்துட்டே போறேன்."

வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தாள். காபியும் கொடுத்தாள். பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரிந்தது, அப்போதும் ஆள் வந்தபாடில்லை. பால்வண்ணத்துக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"ஊரே ஜெயிச்சு வந்திருக்கு, பொண்டாட்டி இப்படிக் காத்துக் கிடக்கா," என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். "நேரத்தோட வீடு வந்து சேர வேண்டாமா? என்ன மனுஷன்வே இவரு!"