பிறக்காத பால்சுறா

கஸ்பார் முதலாளியின் விசைப்படகுகள் வயிற்றில் குட்டி சுமந்த சுறாக்களைக்கூட விட்டுவைத்ததில்லை. "அதையாவது விட்டுடுங்க" என்று கெஞ்சிய மீனவர்களிடம், "கடல் என்ன காலியாயிருமா?" என்று சிரிப்பார்.

அவர் மகள் பிள்ளை பெற்றாள். பால் சுரக்கவில்லை. சமையல்காரி செலஸ்தீனாவைக் கூப்பிட்டார்.

"எம்மவளுக்குப் பால் ஊறணும். நாளைக்கு விருந்துல பால்சுறாப் புட்டு வை. இல்லன்னா வேலைக்கு வராத."

அவள் கரை முழுக்கத் தேடினாள். எந்தப் படகிலும் சுறா இல்லை.

மறுநாள் உறவினர்கள் முன்னால் முதலாளி சட்டியைத் திறந்தார். வதக்கிய வெங்காயமும் பூண்டும்தான் இருந்தன.

"மீன் எங்கடி?"

"அது இன்னும் பொறக்கல, மொதலாளி."

எல்லோரும் சிரித்தார்கள்.

"எப்பப் பொறக்கும்?"

"அதத் தாய்ச்சுறாகிட்டதான் கேக்கணும். வயித்துப் புள்ளயோட அத நம்ம படகுதான அள்ளிட்டு வந்துச்சு."

சிரிப்பு அடங்கிவிட்டது. பசியில் அழும் குழந்தையை அணைத்தபடி மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலைகுனிந்தார்.

செலஸ்தீனாவின் வேலை போகவில்லை. சினைச்சுறா சிக்கினால் உயிரோடு கடலில் விடவேண்டும் என்று முதலாளி அன்றைக்கே உத்தரவு போட்டார்.

குழந்தை டப்பாப் பால் குடித்து வளர்ந்து நடக்கவும் தொடங்கியது. விடுவதற்கு ஒரு சுறாவும் இன்னும் வலைக்கு வரவில்லை.