குளிர்ச்சிக்குக் காவல்

முன்னொரு கோடையிலே, சட்டிக்குறிச்சி என்றொரு ஊரிலே, மூளையை வெயிலில் காயப்போட்டுவிட்டு எடுக்க மறந்த ஜனங்கள் இருந்தார்கள். அது எங்கள் ஊர்தான்.

அங்கே சொரிமுத்துவின் தகரக் கூரை வீட்டில் வேக முடியாமல், அவன் மனைவி பேச்சிக்கனி பக்கத்து ஊரிலுள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "குளிர்ச்சியா ஒரு வீடு கட்டிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் வரமாட்டேன்."

டவுனிலிருந்து வந்த இஞ்சினியர் ஊருக்கு மேற்கே இருந்த மண்மேட்டைக் காட்டினார். "இதைக் குடைஞ்சு வீட்டை உள்ள வைங்க. மூணு பக்கமும் கூரை மேலயும் மண் இருக்கணும். ஃபேனே வேண்டாம். உள்ள இருக்கிற குளிர்ச்சி மட்டும் வெளிய போயிராமப் பாத்துக்கிடுங்க."

ஊரே கூடிக் கட்டினோம். எந்த மூணு பக்கம் என்பது மறந்துபோனதால், எதற்கும் இருக்கட்டுமென்று நாலு பக்கமும் மண்ணைப் போட்டு மூடினோம். உள்ளே பூசிக்கொண்டிருந்த சொரிமுத்து இருமியதால்தான் வாசல் எந்தப் பக்கம் என்று தெரிந்தது.

வீடு குளிர்கிறதா என்று பார்க்க நாற்பது பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அரைமணி நேரத்தில் வேர்வை ஆறாக ஓடியது.

எங்களில் விவரமானவர் கொம்பையா அண்ணாச்சி. பக்கத்தில் நின்றவன் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"வீட்டு மேல குத்தமில்ல. நாமதான் ஆளுக்கொரு அடுப்பா இருக்கோம்."

"பாதிப் பேர் வெளிய போவோமா அண்ணாச்சி?"

"மிச்சப் பாதி சுடத்தானல செய்யும்?"

"ஒரே ஒரு ஆளு இருந்தா?"

"அவன் மூச்சு விடுவாம்லா?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. எல்லோரும் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினோம். குளிர்ச்சிக்குக் காவலாக, சொரிமுத்து வாசலில் வெயிலிலேயே பாய் விரித்தான். பத்தே நாளில் முதுகுத் தோல் உரிந்தது.

"வீடு எப்படிடே இருக்கு?" என்று கேட்டால், "ஜில்லுனு இருக்கும்" என்பான்.

"பாத்தியா?"

"தொறந்து பாத்தா போயிருமே."

சேதி கேட்டுப் பேச்சிக்கனி பெட்டியோடு வந்தாள். சொரிமுத்து குறுக்கே நின்றான்.

"தொறக்காத. பத்து நாள் சேத்து வச்ச குளிரு."

"குளிரணும்னு நான் சொன்னது எனக்கு. வீட்டுக்கில்ல." அவனை விலக்கிவிட்டு உள்ளே போனாள். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நல்லாத்தான் இருக்கு. நீங்களும் வாங்க."

"ஒரு ஆள் சூடு ஏறியாச்சு. நானும் வந்தா ரெண்டாயிரும்," என்றான் சொரிமுத்து.

எங்கள் மூச்சும் சேர வேண்டாமென்று நாங்கள் ஒவ்வொருவராக நடையைக் கட்டினோம். கிளம்பிய அண்ணாச்சியை அவன் நிறுத்தினான்.

"அண்ணாச்சி, இவ இங்க வந்துட்டா. அப்போ மாமியா வீட்டுல ஒரு ஆள் சூடு கொறஞ்சிருக்கும்லா?"

அண்ணாச்சி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "கொறஞ்சுதான இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொரிமுத்து கதவை மெதுவாகச் சாத்தினான். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குளிர்ச்சியாக இருக்க மாமியார் வீட்டைப் பார்த்து நடந்தான்.