வெளிநாட்டு மரம்

அந்த அனல்மின் நிலையத்துச் சாலையோர மரங்களெல்லாம் நிலக்கரிச் சாம்பல் படிந்து, விபூதி பூசிய சாமியார்கள் மாதிரி நின்றன. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருகிறார் என்றதும் மேலாளர் சாரங்கபாணி, தோட்ட வேலை பார்க்கும் பூங்காவனத்தைக் கூப்பிட்டார்.

"அவர் வர்றதுக்குள்ள எல்லா இலையும் பச்சையா இருக்கணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

"ஒரு லாரித் தண்ணி ஒரு பக்கத்துக்குத்தான் சார் பத்தும்."

"கார்ல அவர் இடப்பக்கம்தான் உட்காருவார். அந்தப் பக்கத்தை மட்டும் கழுவு!"

பூங்காவனம் சொன்னதைச் சொன்னபடியே செய்தாள். அதிகாரியும் பச்சைப்பசேலென்ற மரங்களை ரசித்துக்கொண்டே உள்ளே வந்தார். ஆனால் வந்தவர் திரும்பிப் போகத்தானே வேண்டும்? அதே இடப்பக்கம் உட்கார்ந்து போனவர் எதிர்வரிசை மரங்களைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னார்.

"என்னய்யா இது, இலையெல்லாம் சாம்பல் நிறத்துல இருக்கு?"

வழியனுப்பக் கூடவே வந்த சாரங்கபாணி அசரவில்லை. "வெளிநாட்டு மரம் சார். ரொம்ப அபூர்வம். பிறவியிலேயே இந்த நிறம்தான்."

லாரித் தண்ணீரில் ஒரு குடம் மிச்சம் பிடித்து வைத்துக்கொண்டு, பூங்காவனம் அந்த மரத்தடியிலேயே நின்றிருந்தாள். அதிகாரி அவளிடம் கேட்டார்: "அப்படியாம்மா?"

"ஆமாங்கய்யா, ரொம்ப அபூர்வம்" என்றாள் பூங்காவனம். "ஒரு குடம் தண்ணி ஊத்தினா வேப்பமரமா மாறிடும்."